பெரியப்பா வீட்டு வழி

"கூப்படலீன்னா மொறச்சுக்கறவிய எத்தன பேருங்க?"

எங்கள் வீட்டு வாசலில் மொபெட்டுக்கு ஸ்டாண்டு போடுவதற்கு முன்பே அந்த அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான். தங்கச்சிக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. கல்யாணச் செலவைப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து, கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்ல அப்பா வாயெடுத்தார். அக்கா உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"காசு கெடக்குதுங்க. மொதல்ல மொறச்சுக்கறவியளச் சொல்லுங்க. கூப்படாட்டியும் சரின்னு போறவிய இருப்பாங்க பாருங்க, அவியள நானு சேக்கறதே இல்ல. அவியளுக்கு எதுக்குங்க சோறு?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கல்யாணத்தை இப்படியா தொடங்குவார்கள்?

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கொல்லங்கோட்டிலிருந்து எல்லைச் சோதனைச்சாவடி வரைக்கும் எந்தத் தமிழ் வீட்டிலும் 'கண்ணாலக்கார அக்கா' என்றால் போதும். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான உடம்பு. எப்போதும் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு சேலை. மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி முறிந்து, அந்த இடத்தில் மல்லிகைச் சரம் கட்டும் நூலைச் சுற்றியிருப்பார். கையில் காசு குறைந்த வீடுகளுக்கு மட்டும்தான் வருவார் என்று சொல்வார்கள். கமிஷன் வாங்குவதில்லை என்றும் சொல்வார்கள். அதைக் கேட்ட நிமிடத்திலிருந்தே எனக்கு அவர்மேல் சந்தேகம்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பக்கத்துச் சித்தூரில் பி.காம். முடித்துவிட்டு ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால் நடுவில் ஒரு பில் இருக்க வேண்டும் என்பது நான் படித்த படிப்பு. படிக்காத வீட்டில் அந்தப் படிப்பு காவல்நாய் மாதிரி. வேண்டியவர் வந்தாலும் குரைக்கும்.

அக்காவிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். பூ எங்கே வாங்குவீர்கள்? "வந்துருமுங்க." சமையலுக்கு யார்? "வந்துருவாங்க." என்ன விலை, யாரிடம், எப்படி என்று நான் இன்னும் ஒரு படி இறங்கினால், கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு கண்ணாடியைத் துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது. கேட்டவன் கேள்வியை மறக்கும்வரை துடைப்பார். நான் மறக்காதவன் என்று தெரிந்ததும், இரண்டாம் முறையும் துடைப்பார்.

மேடை அலங்காரத்துக்கென்று அப்பா கொஞ்சம் பணம் கொடுத்தார். அக்கா அதை எண்ணாமல் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ரசீது தருவாங்களாங்க்கா?" என்றேன்.

"கண்ணாலத்துக்கு ரசீது கேக்கற மொத ஆளு நீங்கதானுங்க தம்பி. உங்க கண்ணாலத்தன்னிக்குப் பொண்ணோட சேத்து ரசீதும் வாங்கிக் குடுத்தர்றேன்."

வீடே சிரித்தது. நான் வெளியே போய் மொபெட்டின் நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

ஆனால் அவரை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. மாப்பிள்ளை நல்ல பையன். ஆனைமலைப் பக்கம் வீடு. சிக்கல் அவனுடைய தாய்மாமன். அந்த வீட்டு மூத்த மருமகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் கல்யாணத்தன்று மழை கொட்டி, பெண் வீட்டுப் பக்கம் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தனவாம். அன்றிலிருந்து அவள் 'காலிச்சேரு'. அவளுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பேர் மட்டும் போகவில்லை. எங்கள் நிச்சயத்தின்போதுகூட, "ஏ காலிச்சேரு, அந்தச் சொம்ப இப்புடிக் குடு" என்றார். அவள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். தங்கச்சி அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டாள்.

அவர்கள் போனபிறகு என்னிடம் வந்து, "அண்ணா, நகை கம்மியாப் போட்டாலும் பரவால்ல. சேரு மட்டும் நெறஞ்சிருக்கோணும்" என்றாள்.

அதுதான் எங்களால் முடியாத காரியம். அப்பாதான் வீட்டுக்கு மூத்தவர். கூடப் பிறந்தது ஒரே ஒரு தம்பி, எங்கள் சித்தப்பா. அம்மாவின் ஆட்கள் எல்லாம் காந்தலூர் மலையில். பூண்டு எடுக்கும் சமயத்தில் யாரும் இறங்கி வரமாட்டார்கள். வராத உறவுக்குப் பதிலாக ஊரையே அழைக்கலாம் என்றால், வருகிறவர்களுக்கெல்லாம் இலை போட வேண்டும். கடன் வாங்கக் கூடாது என்பது நான் போட்ட ஒரே நிபந்தனை. நாற்காலி நிறைந்தால் பந்தி தாங்காது, பந்தி தாங்கினால் நாற்காலி காலி. இந்த முடிச்சை அக்காவிடம் சொன்னேன்.

"வந்துருவாங்க" என்றார்.

"யாருங்க வருவாங்க?"

கண்ணாடியைக் கழற்றினார்.

முகூர்த்தம் விடியற்காலை ஐந்து மணிக்கு என்று அவரே நேரம் பார்த்துவிட்டு வந்தார். நம்மவர்கள் இருட்டோடு தாலி கட்டுவது வழக்கம்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. காலைப் பலகாரத்தோடு விருந்து முடிந்துவிடும், செலவும் குறையும். ஆனால் கூடவே ஒன்று சொன்னார்: "ஒம்பது மணிக்கு மண்டபத்துல நம்ம பாத்திரம் ஒண்ணுகூட இருக்கப்படாதுங்க." நாள் வாடகைக்கு எடுத்த மண்டபத்தை எதற்காக அவ்வளவு அவசரமாகக் காலி செய்ய வேண்டும்? கேட்டேன். துடைத்தார்.

காய்கறி வந்த விதமும் அப்படித்தான். காந்தலூரிலிருந்து ஒரு ஜீப் வந்து எங்கள் வாசலில் மூட்டைகளை இறக்கியது. பிரித்துப் பார்த்தால், இரட்டைக் கால் முளைத்த கேரட், கூன் விழுந்த பீன்ஸ், பல் சிறுத்த பூண்டு. சந்தையில் ஒருவரும் தொடாத உருவங்கள். நறுக்கிவிட்டால் யாருக்குத் தெரியும்? அதுவரை புத்திசாலித்தனம்தான். இருந்தாலும் டிரைவரைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு தோட்டத்துதுண்ணா? பில்லு இருக்கா?"

"எனக்கென்ன தெரியும் தம்பி. அக்கா எறக்கச் சொன்னாக, எறக்கிட்டேன். பில்லு வேணும்னா கேரட்டுகிட்ட கேளு, அதுக்குத்தான் ரெண்டு காலு இருக்கே, நடந்து வந்து சொல்லும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் கொல்லங்கோட்டு மண்டபத்துக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. மேடை முழுக்க வெள்ளையும் ஊதாவுமாகப் பூ. பின்னால் மடிப்பு மடிப்பாகத் துணி, நடுவில் பித்தளை விளக்குகள். அப்பா கொடுத்த பணத்துக்கு இவ்வளவு வரவே வராது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வியர்த்தது.

சுவரோரம் ஒரு பலகை திருப்பி வைக்கப்பட்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன். தெர்மோகோலில் வெட்டிய மலையாள எழுத்துகள். ஒரு பெண் பெயர், ஒரு ஆண் பெயர். என் தங்கச்சியின் பெயர் இல்லை.

ஏணிமேல் நின்றவரிடம் கேட்டேன். "அது நாளெ பதினொன்னு மணியுடெ கல்யாணம். அதுக்கு முன்னெ ஒரு தமிழ் கல்யாணம் உண்டு" என்றார், கம்பியை முறுக்கிக்கொண்டே.

புரிந்துவிட்டது. வேறு யாரோ ஒரு மலையாளி வீட்டுப் பணத்தில் போட்ட மேடையில், அவர்கள் வருவதற்குள் நாங்கள் தாலி கட்டிவிட்டு ஓட வேண்டும். அதற்குத்தான் ஒன்பது மணி. பின்கட்டில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் நின்றேன்.

"அடுத்தவங்க மேடைங்களாக்கா இது? அவங்களுக்குத் தெரியுமா?"

"மேடைக்கு யாருங்க தம்பி பேரெழுதி வெச்சிருக்காங்க?"

"எழுதி வெச்சிருக்காங்க. மலையாளத்துல."

எண்ணுவதை நிறுத்தினார். பிறகு, "அது நாளைக்கு ஒம்பது மணி வரைக்கும் திருப்பித்தான் வெச்சிருக்கோணும்னு சொன்னனே" என்று எனக்கல்ல, தேங்காய்க்குச் சொல்வது மாதிரி சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எண்ணெயடுப்புப் பக்கம் போய்விட்டார். அப்பாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லி என்ன செய்வது? பத்திரிகை கொடுத்தாயிற்று. மாமன் நாளைக்கு முதல் ஆளாக வந்து உட்காருவார். வாயை மூடிக்கொண்டேன்.

விடியற்காலையில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. மாமன் இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, நேராக எங்கள் பக்கத்து நாற்காலிகளைத்தான் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன்.

நிறைந்திருந்தன.

முன்வரிசையில் அகலக் கரை வேட்டியும் சந்தனப்பொட்டுமாகப் பெரியவர்கள். அடுத்து, தலைநிறையப் பூ வைத்த பெண்கள். எல்லோரும் நல்ல உடுப்பில், கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போலவே அமர்ந்து, பக்கத்தில் இருப்பவர்களிடம் வெயிலையும் மாங்காய் விலையையும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியாது என்பது அவள் கும்பிட்ட விதத்திலேயே தெரிந்தது. எல்லோரையும் ஒரே அளவு கும்பிட்டாள்.

"பரவால்லீங்க, பெருத்த சனந்தான்" என்றார் மாமன், அப்பாவிடம். அவர் குரலில் லேசான ஏமாற்றம் இருந்ததாக எனக்குப் பட்டது. அப்பா தோள்துண்டைச் சரிசெய்தார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முன்வரிசையில் ஓரமாக இருந்த சிவப்புச் சால்வைப் பெரியவரிடம் குனிந்து, "நீங்க எந்த வழியில ஒறவுங்க?" என்றேன்.

"பெரியப்பா ஊட்டு வழிங்க" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

"எங்கப்பாதானுங்க மூத்தவரு. எனக்குப் பெரியப்பாவே இல்லீங்களே?"

"அப்புடீங்களா?" என்றார். "மொதல்ல மேடையப் பாருங்க தம்பி, தாலி கட்டறாங்க."

திரும்பினேன். நிஜமாகவே கட்டிக்கொண்டிருந்தார்கள். மேளம் உச்சத்துக்குப் போனது. அட்சதை பறந்தது. சால்வைப் பெரியவரும் அவர் வரிசையும் எழுந்து நின்று, கைநிறைய அரிசியைச் சொந்தப் பெண்ணுக்குப் போடுவதுபோல் போட்டார்கள். தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலிகளைத்தான் பார்த்தாள். பிறகு மாமனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் அவளிடம் கண்டதில்லை.

அப்போது ஒருவர் என் முழங்கையைத் தொட்டார். வெள்ளைச் சட்டை, தோளில் சரிகைக் கரை போட்ட கசவுத் துண்டு. மலையாளி. மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடைக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார்.

"தம்பீ, ஒரு காரியம் கேக்கட்டே? என்ற மோளோட கல்யாணம் பதினொன்னு மணிக்கு." என்னைவிட மெல்லிய குரலில் பேசினார். "நிங்ங போகும்போ அந்தப் பூவெல்லாம் பறிச்சிட்டு போகில்லல்லோ?"

"நாங்களா? உங்க பூவையா?"

"எங்க பூவோ? இது நிங்ஙளோட ஸ்டேஜ் அல்லே? வாசல்ல நிங்ஙளோட ஃபிளெக்ஸ் கண்டு. தமிழ்க்காரர் முடிச்ச பின்னே நமக்கு எடுத்துக்கலாம்னு ஆ சேச்சி கொஞ்சம் காசு வாங்கிச்சு. என்ற பந்துக்கள் யாருக்கும் அறியில்லா. தயவுசெய்து நிங்ஙளும் பறயண்டா, யார்ட்டயும் சொல்லண்டா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் கொடுத்ததைக் கேட்டேன். நாங்கள் கொடுத்த அளவுதான். இரண்டையும் சேர்த்தால் ஒரு மேடை. 'பாதி நீங்கள், பாதி அவர்கள்' என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு வீடும் ஒத்துக்கொண்டிருக்காது. இன்னொரு பெண் நிற்கப்போகும் மேடையில் என் மகளா என்று அப்பாவே கேட்டிருப்பார். அடுத்தவர் மேடையை ஒளித்து எடுத்துக்கொள்வதில் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது பயம் மட்டும்தான். பங்கு போட்டுக்கொள்வதென்றால் வெட்கம் வந்திருக்கும்.

அக்காவைத் தேடினோம். பின்கட்டு வாசலில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆக மேடை விஷயம் தெளிந்தது. நாற்காலி விஷயம் தெளியவில்லை. "முன்னால இருக்கறவங்க உங்க ஆளுங்களா?" என்று அந்த மலையாளியிடம் கேட்டேன். "ஏய், எங்க ஆளுங்க பத்து மணிக்கல்லே வரும்" என்றார்.

பந்திக்கு அழைத்தபோதுதான் விஷயம் இன்னும் மோசமானது. மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு எழுந்தார்கள். அந்தக் கூட்டமும் எழுந்தது. ஆனால் பந்திப் பக்கம் போகவில்லை. தட்டிலிருந்து ஆளுக்கு ஒரு விரல் சந்தனம், ஒரு கல்கண்டு. அவ்வளவுதான். ஒருவர் பின் ஒருவராக வாசலைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் போகிற சனத்தை நான் பார்த்ததே இல்லை. சாப்பிட வராதவர்கள் வேறு எதற்கு வந்திருப்பார்கள்?

மணப்பெண் அறைக்கு ஓடினேன். "அம்மா, நகையெல்லாம் சரியா இருக்குதான்னு எண்ணிப் பாரு."

"பாதி கவரிங்கு. அத எவன் எடுக்கறான்?" என்றாள் அம்மா. நான் விடவில்லை. தங்கச்சியின் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அண்ணா, கழுத்த விடு. மால நசுங்குது" என்றாள் அவள். எல்லாம் இருந்தது. எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"அவிய எல்லாம் யாருங்க்கா?" என்று பாத்திரம் ஏற்றும்போது கேட்டேன்.

"வந்தாங்களா?" என்றார் அக்கா. "வந்துருவாங்க."

அதன்பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. மேடை போட்டவரைத் தேடிப் போய், அந்த அக்காவுக்கு நீங்கள் என்ன தருகிறீர்கள் என்று கேட்டேன். "ஒரு சாயா வாங்கிக் கொடுத்தா குடிக்கில்லா" என்றார். அவர் குரலிலும் என் சந்தேகமே இருந்தது. மண்டபத்துக்காரருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தங்கச்சி முதல் விருந்துக்கு வந்தபோது, "அந்தத் தாய்மாமன் உன்ன என்னன்னு கூப்படறாரு?" என்று கேட்டேன். "பேரு சொல்லித்தான்" என்றாள். "நம்ம சனத்தப் பத்தியே பேசறாரு. பெரியப்பா ஊட்டுல எல்லாரும் சௌக்யமான்னு கேட்டாரு."

மழைக்காலம் முடிந்து மறுபடியும் முகூர்த்த நாட்கள் தொடங்கியபோது மொபெட் எங்கள் வாசலில் வந்து நின்றது.

"தம்பி, அகலக் கரை போட்ட வேட்டி இருக்குதுங்களா?"

"எதுக்குங்க்கா?"

"ஞாயித்துக்கெழம வெடியால மீனாட்சிபுரத்துல ஒரு கண்ணாலம். முன்னால வந்து உக்காந்துக்குங்க. தாலி கட்டற வரைக்கும் எந்திரிக்கப்படாது. சந்தனம், கல்கண்டு எடுத்துக்கலாம். சாப்படப்படாது. அந்த ஊட்டுலயும் உங்களாட்டத்தான், எல போட முடியாது."

அந்தச் சிவப்புச் சால்வைப் பெரியவர் எனக்கு அப்போதுதான் புரிந்தார். அவருடைய மகளுக்கும் ஒரு நாள் யாரோ வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

"யாராச்சும் எந்த வழின்னு கேட்டாங்கன்னா?"

"அது உங்களுக்கே தெரியுமேங்க."

கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா, "நானுமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க வேண்டாமுங்க. போன வாரந்தான அந்தப் பக்கம் வந்தீங்க. அடையாளம் கண்டுக்குவாங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வேட்டியைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு, உரம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் அவர். இப்போது வேலிப்பக்கம் எதையோ கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல உங்களுக்கு என்னுங்க்கா கெடைக்குது?" என்று அக்காவிடம் கேட்டேவிட்டேன். இத்தனை நாள் வேறு வேறு விதமாகக் கேட்டதெல்லாம் இந்த ஒன்றுதான்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். இதுவரை அவ்வளவு நேரம் துடைத்து நான் பார்த்ததில்லை. பிறகு மாட்டிக்கொண்டு, என்னை நன்றாகப் பார்த்து, "வேட்டிக்குக் கஞ்சி போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு மொபெட்டை மிதித்தார்.

இப்போது அவர் இந்தப் பக்கம் இல்லை. காந்தலூரில் மகள் வீட்டில் இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். அங்கே தோட்டமே வாங்கிவிட்டார் என்று சிலர். மகளே கிடையாது என்று ஒருவர். நான் எதையும் நம்பவுமில்லை, நம்பாமல் இருக்கவுமில்லை. கடைசியாக அவரைப் பார்த்தது அந்த மீனாட்சிபுரம் கல்யாணத்தில்தான்.

விடியற்காலையில் கஞ்சி போட்ட வேட்டி மொடமொடக்க, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் யார் யாரோ. மாங்காய்க் காலம் இல்லாவிட்டாலும், வெயிலைப் பற்றியும் மாங்காய் விலையைப் பற்றியும் பேசினோம். சமையல்கட்டிலிருந்து அக்கா ஒரு தாம்பாளத்தோடு வந்தார். என் முன்னால் நின்று, மாப்பிள்ளை வீட்டார் காதில் விழும்படி, "ஏனுங்க தம்பி, நீங்க பொண்ணு ஊடா மாப்ள ஊடா?" என்றார். முகத்தில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை.

"பொண்ணு ஊடுங்க" என்றேன். தாம்பாளம் நகர்ந்துவிட்டது.

தூணோரம் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். கல்லூரி முடித்த முகம். சட்டைப்பையில் பேனா. எங்கள் வரிசையை ஒவ்வொருவராகப் பார்த்து, என்னிடம் வந்து நின்றது அவன் பார்வை. பிறகு அவனே வந்தான்.

"நீங்க எந்த வழியில ஒறவுங்கண்ணா?"

"பெரியப்பா ஊட்டு வழிங்க" என்றேன். ரசீது இல்லாமல் நான் சொன்ன முதல் கணக்கு அது. நாக்கு புரளவில்லை.

அவன் நெற்றியைச் சுருக்கினான். "எங்கப்பனுக்கு அண்ணனே இல்லீங்களே?"

"அப்புடீங்களா? மொதல்ல மேடையப் பாருங்க தம்பி, தாலி கட்டறாங்க."

மேளம் எழுந்தது. அவன் ஓடினான். நான் அரிசியைப் போட்டேன். அந்தப் பெண் தலை நிமிர்ந்து நாற்காலிகளைப் பார்ப்பதைப் பார்த்தேன். அதற்குமேல் அங்கே எனக்கு வேலையில்லை. பந்தியில் இலை விரிக்கும் சத்தத்தையும் சாம்பார் வாசத்தையும் தாண்டி, வாயில் ஒரு கல்கண்டோடு வெளியே வந்தேன்.

மணப்பெண் அறை ஜன்னலைக் கடக்கும்போது அந்தப் பையனின் குரல் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"அம்மா, அக்காளோட நகையெல்லாம் சரியா இருக்குதான்னு ஒருக்கா எண்ணிப் பாரு."